ஏமாறத் தெரியாத பேட்டர்

2012 ஏப்ரல் 17-ஆம் தேதி டென்வரில் நடந்த ஆட்டத்தில் கொலராடோ ராக்கீஸ் அணிக்காகப் பந்து வீசிய ஜேமி மோயருக்கு அப்போது வயது 49. ஏழு இன்னிங்ஸ் வீசினார். சான் டியேகோ அணியை 5-3 என்று ஜெயித்தார்கள். அமெரிக்க மேஜர் லீக் வரலாற்றில் வெற்றிக் கணக்கு எழுதிக்கொண்ட பிட்சர்களிலேயே அதிக வயதுக்காரர் என்ற பெயர் அன்றிலிருந்து மோயருக்கு. அன்று அவர் வீசிய பந்துகள் மணிக்கு 80 மைலைத் தாண்டவில்லை. நம் கணக்கில் 129 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் அது மரியாதையான மித வேகம். பேஸ்பாலில் அது பள்ளிக்கூடப் பையன்கள் வீசும் வேகம்.

இந்த மோயரை ஒரு வீடியோ கேமுக்குள் கொண்டுபோய் விட்டு, எதிரே கம்ப்யூட்டரை பேட்டராக நிறுத்துங்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, பிய்த்து எறிந்துவிடும். இல்லையென்றால், கேமை எழுதியவர்கள் மோயர் பெயருக்குப் பக்கத்தில் "இவர் வீசினால் பேட்டரின் அடி இத்தனை சதவீதம் குறையட்டும்" என்று ஓர் எண்ணை ஒளித்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரும் அடக்க ஒடுக்கமாக அவுட் ஆகும். இரண்டாவது வழியில் ஸ்கோர்கார்டு நிஜம் போலவே வரும். ஆனால் அந்த வயதில், அந்த வேகத்தில், அந்த மனுஷன் எப்படிப் பிழைப்பு நடத்தினார் என்பது மட்டும் கேமுக்குள் எங்கேயும் இருக்காது. அவர் எதிரே நின்றவர்களை ஏமாற்றினார். கம்ப்யூட்டருக்கோ ஏமாறத் தெரியாது.

பேஸ்பால் கேம் ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டர் எதிராளியைப் பற்றிப் புலம்புவது ரொம்பப் பழைய விஷயம். ரொம்பக் கஷ்டம் என்பார்கள், ரொம்பச் சுலபம் என்பார்கள், ஒன்பதாவது இன்னிங்ஸில் வேண்டுமென்றே தில்லுமுல்லு பண்ணுது என்பார்கள். நான் இருக்கும் ஊரில் பேஸ்பால் ஆட ஆள் கிடையாது, பார்க்கவும் ஆள் கிடையாது. எனக்கு எதிராளி என்றால் கம்ப்யூட்டர் மட்டும்தான். அதனால் இந்தப் புலம்பலை வெறும் புலம்பலாக விடாமல் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று பட்டது. என் குறை அது என்னை ஏமாற்றுகிறது என்பதல்ல. அதை என்னால் ஏமாற்ற முடியவில்லை என்பதுதான்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. அதுதான் ஸ்ட்ரைக் ஸோன். அதற்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். வெளியே போன பந்தை விட்டால் அதன் பெயர் பால். வெளியே போகிற பந்தைத் துரத்தி மட்டையை வீசித் தவறவிட்டால் அதுவும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். நான்கு பால் சேர்ந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஆக ஒவ்வொரு பந்துக்கும் பேட்டர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: வீசுவதா, விடுவதா?

இந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 95 மைல் வேகத்தில் வரும் பந்து கையை விட்டுப் பிளேட்டை எட்டச் சுமார் 0.4 விநாடி. மட்டையைச் சுழற்றி முடிக்கவே அதில் 0.15 விநாடி போய்விடும். அதாவது பந்து ஏறக்குறைய பாதி வழியில் இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். மீதிப் பாதியில் பந்து என்ன செய்யும் என்பது முழுக்க ஊகம். பிட்சர்களின் பிழைப்பு அந்த ஊகத்தின் மேல்தான் நடக்கிறது. 85 மைல் சேஞ்சப் பந்து, வேகப்பந்து கிளம்பும் அதே கையசைவில், அதே பாதையில் கிளம்பும். வந்து சேரும்போது 0.04, 0.05 விநாடிதான் தாமதம். அந்த நூலிழைக்குள் மட்டை முன்னால் போய்விடும். கிரெக் மாடக்ஸ் 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு வருடம் சை யங் விருது வாங்கினார். அவரும் வேகத்துக்குப் பேர் போனவர் இல்லை. இரண்டு வேறு பந்துகளை, பேட்டர் முடிவெடுக்கும் நொடிவரை ஒரே பந்து போலக் காட்டத் தெரிந்தவர்.

இப்போது கம்ப்யூட்டர் பேட்டரின் நிலைமையைப் பாருங்கள். நீங்கள் பட்டனை அழுத்திய கணத்திலேயே பந்தின் வகை, வேகம், வந்து சேரப்போகும் இடம் எல்லாம் நினைவகத்தில் எண்களாக உட்கார்ந்துவிடுகின்றன. பந்து பறந்து வரும் காட்சி உங்களுக்காகப் போடும் படம். நிரலுக்கு அந்தப் படம் தேவையே இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை மனுஷன் மாதிரி தோற்க வைக்க மிகச் சுலபமான வழி, பகடை உருட்டுவது. மேஜர் லீக் பேட்டர்கள் ஸோனுக்கு வெளியே வரும் பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்றைத் துரத்துகிறார்கள். சரி, ஸோனுக்கு வெளியே பந்து வந்தால் ஒரு ரேண்டம் எண்ணை எடு, 0.3-க்குக் கீழே இருந்தால் மட்டையை வீசு. ஒரே ஒரு வரி. சீசன் முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து சமர்த்தாக நிற்கும்.

கணக்கு சரிதான். எந்த மூன்று என்பதுதான் கேள்வி. உள்பக்கமாக இரண்டு வேகப்பந்தை வாங்கி, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து நிற்கும் பேட்டர், அடுத்து வெளியே தாழ்ந்து விலகும் ஸ்லைடரைத் துரத்துவான். அதே ஆள், மூன்று பால் ஸ்ட்ரைக் இல்லை என்ற நிலையில், அதே ஸ்லைடரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். துரத்தல் விகிதம் என்று நாம் வருடக் கடைசியில் அச்சடிக்கும் எண், இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஏமாற்றங்களின் மிச்சம். மிச்சத்தை எடுத்து மூலகாரணமாக வைத்துவிட்டால் ஆட்டம் தலைகீழாகிவிடுகிறது. ரசத்தின் உப்பு அளவைப் பரிசோதனைச் சாலையில் சரியாக அளந்து, அந்த அளவு உப்பை வெந்நீரில் கரைத்து, இந்தாங்க ரசம் என்று கொடுப்பது மாதிரி.

என்னிடம் இருக்கும் ஒரு கேமில் (பெயர் வேண்டாம், இது அந்த ஒரு கேமின் வியாதி மட்டும் இல்லை) சில ராத்திரிகள் உட்கார்ந்து இதைச் சோதித்தேன். பெரிய ஆராய்ச்சி இல்லை. ஒரே பேட்டருக்கு ஒரே கர்வ் பந்தை, வெளியே தாழ்வாக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வீசுவது. மனுஷனாக இருந்தால் நாலாவது தடவை சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான், இல்லை காத்திருந்து சாத்துவான். இந்தப் புண்ணியவான் முதல் பந்தைப் பார்த்த அதே முகத்தோடு இருபதாவது பந்தையும் பார்த்தார். சில சமயம் துரத்தினார், சில சமயம் விட்டார். எதற்கும் முன்பின் தொடர்பில்லை. பிறகு மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்று வேகப்பந்து வீசிப் பழக்கிவிட்டு ஒரு சேஞ்சப். அடுத்த ஆளுக்கு எந்த முன்னேற்பாடும் இல்லாமல் முதல் பந்தே சேஞ்சப். இரண்டுக்கும் அவரிடம் வித்தியாசம் தெரியவில்லை. நான் போட்ட திட்டம் எல்லாம் என் மண்டைக்குள் மட்டும்தான் நடந்திருக்கிறது. எதிரே யாரும் இல்லை.

சரி, கடின நிலையை ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினேன். என்ன மாறியது? நான் பேட் பிடிக்கும்போது, பந்தைச் சந்திக்க வேண்டிய என் வட்டம் சிறுத்துவிட்டது. எனக்கு வரும் பந்து வேகமானது. நான் வீசும்போது என் குறி கொஞ்சம் கூடுதலாகப் பிசகியது. அவர் துரத்துவது குறைந்தது. அதாவது எதிராளி புத்திசாலி ஆகவில்லை. என் கையைக் கட்டிவிட்டு, அவருடைய பகடையை மாற்றிவிட்டார்கள். இதைத்தான் பெரும்பாலான விளையாட்டு கேம்களில் "லெஜண்ட்" என்றும் "ஹால் ஆஃப் ஃபேம்" என்றும் பெயர் வைத்து விற்கிறார்கள். போதாததற்கு செட்டிங்கில் ஏகப்பட்ட அளவுகோல்கள்: கம்ப்யூட்டரின் அடி, கம்ப்யூட்டரின் பலம், கம்ப்யூட்டர் ஸ்ட்ரைக் போடும் விகிதம். அவற்றின் பெயரும் ஸ்லைடர்தான், பந்து வகையும் ஸ்லைடர்தான். பந்து ஸ்லைடரால் எதிராளியை அசைக்க முடியாதவர்கள் செட்டிங் ஸ்லைடரை வைத்து ராத்திரி முழுக்க அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஆதியிலிருந்தே இப்படித்தானா என்றால், இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் பகடை ஆட்டங்கள் இருந்தன. 1951-ல் ஆப்பா, 1961-ல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். இரண்டாவதில் மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விளைவு. ஆட்டத்தின் பாதி பேட்டர் கையில், பாதி பிட்சர் கையில் என்பதை இதைவிட எளிமையாக யாரும் சொன்னதில்லை. முழுக்க முழுக்கப் பகடை. ஆனாலும் எனக்கு அதில் குறையே இல்லை. ஏனென்றால் அந்த அட்டை, தான் ஓர் ஆள் என்று நடிக்கவில்லை. நீங்கள் மேனேஜர், அது கணக்கு; உறவு தெளிவாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் 1999-ல் மார்க்கஸ் ஹைன்சோன் தொடங்கிய அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பாலும் இன்றுவரை எனக்குச் சலிக்கவில்லை. அவர் ஜெர்மானியர் என்பது எனக்குத் தனி ஆறுதல். பேஸ்பாலைத் தூரத்திலிருந்து நேசிக்க முடியும் என்பதற்கு ஒரு சாட்சி. அதில் நீங்கள் பந்தே வீசுவதில்லை, அதனால் யாரையும் ஏமாற்ற வேண்டிய வேலையும் இல்லை.

டான் டாக்லோ 1971-ல் பொமோனா கல்லூரியில் மாணவராக இருந்தபோது பிடிபி-10 கம்ப்யூட்டரில் ஒரு பேஸ்பால் நிரல் எழுதினார். அவரும் எடி டாம்ப்ரோயரும் சேர்ந்து 1987-ல் கொண்டுவந்ததுதான் ஏர்ல் வீவர் பேஸ்பால். வீவர் பால்டிமோர் ஓரியோல்ஸின் மேனேஜர், 1970-ல் உலகத் தொடரை வென்றவர். எந்த பேட்டர் எந்த பிட்சரை எப்படி அடித்திருக்கிறான் என்று சின்ன அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு ஆடியவர். பன்ட் அடித்து ஓர் அவுட்டைத் தானம் பண்ணுவது அவருக்குப் பிடிக்காது. நல்ல பந்துவீச்சு, நல்ல ஃபீல்டிங், மூன்று ரன் ஹோம் ரன் என்பது அவர் சித்தாந்தம். கேம் எழுதியவர்கள் அவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்தச் சிந்தனையை நிரலுக்குள் இறக்கினார்கள். எமுலேட்டரில் அதைப் போட்டு ஆடும்போது படம் பொம்மலாட்டம் போல இருக்கும். ஆனால் எதிர் அணி எடுக்கும் முடிவுகளில் ஓர் ஆளின் பிடிவாதம் தெரியும். இன்று வியர்வைத் துளிவரை வரைந்து காட்டும் கேம்களில் எனக்கு அது தெரிவதில்லை.

ஜப்பான் பக்கம் கதை வேறு. 1986-ல் நாம்கோ ஃபேமிகாமுக்கு வெளியிட்ட ஃபேமிலி ஸ்டேடியத்தில் வீசிய பந்தைப் பாதி வழியில்கூட இடது வலதாக வளைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியையோ நண்பனையோ ஏமாற்றுவதற்காகவே செய்தது போல இருக்கும். 1994-ல் தொடங்கிய கொனாமியின் பவர்ஃபுல் ப்ரோ யாக்யூ வரிசையில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் குணங்களைச் சீட்டு மாதிரி ஒட்டிவிடுவார்கள்: இடதுகைப் பிட்சரைக் கண்டால் பலம், நெருக்கடியில் தைரியம், இப்படி. சீட்டு ஒட்டுவது பார்வை ஆகாது. இருந்தாலும் ஆளுக்கு ஆள் வேறு என்ற எண்ணமாவது அங்கே உண்டு.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். நிஜ பேஸ்பாலே நியாயமில்லாத ஆட்டம்தானே? 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டத்தில் 121-ல் தோற்றது. நவீன காலத்தின் மிக மோசமான சீசன்களில் ஒன்று. அப்பேர்ப்பட்ட அணிகூட 41 ஆட்டம் ஜெயித்திருக்கிறது, நாலுக்கு ஒன்று. வோரோஸ் மெக்ரேக்கன் 2001-ல் எழுதியதன் சாரமே, பேட்டர் தொட்டுவிட்ட பந்து மைதானத்துக்குள் விழுந்தால் அது ஹிட்டா அவுட்டா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு என்பதுதான். அப்படியிருக்க, கம்ப்யூட்டர் கடைசி இன்னிங்ஸில் நாலு ரன் அடித்துவிட்டது என்று கண்ட்ரோலரை வீசி எறிவது அறிவீனம் இல்லையா?

பாதி சரி. மனுஷ மனம் தற்செயலைத் தாங்காது. சித் மெயர் 2010-ல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் பேசும்போது இதைத்தான் சொன்னார்: மூன்றுக்கு ஒன்று என்று தன் பக்கம் சாதகம் இருக்கும்போது தோற்றால், ஆடுகிறவர் கேம் பொய் சொல்கிறது என்கிறார், அதே விகிதம் எதிர்ப்பக்கம் இருந்து தான் ஜெயித்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். இன்னொரு பக்கம், கேம்கள் பொய்யே சொன்னதில்லை என்றும் இல்லை. கூடைப்பந்து கேமான என்பிஏ ஜாமை உருவாக்கிய மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிரான நெருக்கமான ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் கடைசி நொடியில் எறியும் பந்து தவறும்படி நிரலில் எழுதி வைத்ததை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆக, சந்தேகப்படுகிறவர்களை முழுப் பைத்தியம் என்றும் தள்ள முடியாது.

ஆனால் என் எரிச்சல் தற்செயலின் மேல் இல்லை. 2001 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்தில் என்ன நடந்தது? அந்த வருடம் 116 ஆட்டம் ஜெயித்த சியாட்டில் மரைனர்ஸ் 14-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்று இரண்டு பக்கமும் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலரை உட்கார வைத்துவிட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்து மூன்று ரன், எட்டாவதில் நான்கு, ஒன்பதாவதில் ஐந்து. 14-14. பதினோராவது இன்னிங்ஸில் 15-14 என்று ஜெயித்துவிட்டது. இதே ஆட்டம் கேமில் நடந்திருந்தால் காறித் துப்பியிருப்போம். நிஜத்தில் நடந்ததால் இன்றும் பேசுகிறோம். அதன் ஒவ்வொரு ரன்னுக்கும் பின்னால் ஒரு ஆள் இருந்தான்: ஜெயித்துவிட்டோம் என்று அசந்தவன், தோற்றாகிவிட்டதே என்று பயமில்லாமல் மட்டையை வீசியவன், திடீரென்று கை நடுங்கியவன். ஒமார் விஸ்கெல் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு, மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் அடித்த டிரிபிளில்தான் ஸ்கோர் சமமானது. கேமில் இதே தலைகீழ் மாற்றம் வரும்போது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல உள்ளே யாரும் கிடையாது.

அசருவதும் பயப்படுவதும் நிஜ எதிராளியின் பாதி. பாரி பான்ட்ஸ் 2004-ல் 232 தடவை பால் வாங்கி நடந்தார். அதில் 120 தடவை எதிரணி வேண்டுமென்றே நடக்க விட்டது. 1998 மே 28 அன்று அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்டர், ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், தன் அணி 8-6 முன்னிலை, அப்போது பான்ட்ஸை வேண்டுமென்றே நடக்க விட்டார். ஒரு ரன்னைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். அடுத்த பேட்டர் அவுட், அரிசோனா 8-7 என்று ஜெயித்தது. எந்த ரன் எதிர்பார்ப்பு அட்டவணையைத் திறந்து பார்த்தாலும் இதைச் செய்யாதே என்றுதான் சொல்லும். என் கேமில் எதிரணி மேனேஜர் அந்த அட்டவணையைத்தான் வைத்திருக்கிறார், ஷோவால்டரை வைத்திருக்கவில்லை. என் பேட்டர் எத்தனை ஹோம் ரன் அடித்தாலும் எதிரே யாருக்கும் வயிற்றைக் கலக்குவதே இல்லை.

கம்ப்யூட்டர் பிட்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதே நோய்தான். மேஜர் லீகில் பிட்சர்கள் வீசும் பந்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஸ்ட்ரைக் ஸோனுக்குள் விழுகிறது. நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேட்டர்கள் நடந்து போகிறார்கள். கேமில் கடின நிலை ஏறினால் கம்ப்யூட்டர் பிட்சர் ஸோனின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டது போலத் தேய்த்துக்கொண்டே போகிறார். தன் கையே தன்னைக் கைவிடும் தருணம் அவருக்கு வருவதில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், இருபது வருஷமாக மென்பொருள் வேலையில் குப்பை கொட்டுகிறேன். காரணங்கள் எனக்கே புரிகிறவைதான். நிஜ ஆட்டக்காரர்களின் பெயரும் முகமும் போட்டு விற்கும் கேமில், சீசன் முடிவில் அவர்களுடைய எண்கள் நிஜத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு சீசனில் 162 ஆட்டத்தையும் யாரும் கையால் ஆட மாட்டார்கள். பெரும்பகுதியைக் கேமே ஓட்டிக் காட்டும். ஓட்டிக் காட்டும் ஆட்டமும் கையால் ஆடும் ஆட்டமும் ஒரே மாதிரி எண்களைத் தர வேண்டும் என்றால், இரண்டுக்கும் அடியில் ஒரே பகடையை வைப்பதுதான் சுலபம். சோதனை செய்கிற குழுவுக்கும் நல்லது. துரத்தல் விகிதம் 30 வருகிறதா, வருகிறது, டிக் அடி. பேட்டர் ஏமாந்தது நியாயமாக இருந்ததா என்று எந்தச் சோதனைப் பட்டியலில் எழுதுவது?

அப்போ என்னதான் வேணும்ங்கிறே என்று கேட்பீர்கள். வார இறுதிகளில் பைத்தான் நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்துதான். அதில் பேட்டருக்குப் பந்து வந்து சேரும் இடத்தை நான் சொல்வதே இல்லை. முதல் 0.2 விநாடிப் பாதை மட்டும், அதுவும் கொஞ்சம் கலங்கலாக, அவருக்குக் கிடைக்கும். என்ன பந்து வரலாம் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் ஏற்கெனவே இருக்கும். பால், ஸ்ட்ரைக் நிலையைப் பொறுத்தும், கடைசியாக வாங்கிய சில பந்துகளைப் பொறுத்தும் அது ஏறி இறங்கும். கலங்கலாகப் பார்த்ததையும் எதிர்பார்ப்பையும் சேர்த்து, பந்து எங்கே, எப்போது வரும் என்று ஒரு கணிப்பு. கணிப்பு ஸோனுக்குள் என்றால் வீச்சு. காலேஜில் தூங்கிக்கொண்டே படித்த பேயஸ் தேற்றம்தான், வேறொன்றும் இல்லை.

இத்தனை சதவீதம் துரத்து என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் மூன்று வேகப்பந்து போட்டுவிட்டு சேஞ்சப் வீசினால் ஆள் முன்னாலேயே மட்டையைச் சுழற்றிவிடுகிறார். சேஞ்சப்பையே விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் காத்திருந்து சாத்துகிறார். 95 மைல் வீசும் ஒரு பிட்சரை, அவருடைய பந்துகள் கையை விட்டதுமே பிரிந்து தெரியும்படி வைத்தால் அடி வாங்குகிறார். 80 மைல் வீசுபவரின் பந்துகள் பாதி வழிவரை ஒரே பாதையில் வந்தால் தப்பிக்கிறார். மோயருக்கென்று தனி எண் எதுவும் போடவில்லை.

கடின நிலை என்று ஒன்று வேண்டுமா, அந்தக் கலங்கலைக் குறையுங்கள், ஞாபகத்தை நீளமாக்குங்கள். என் வட்டத்தைச் சிறுத்துப்போக வைக்காதீர்கள். ஆட்டக்காரர்களின் குணத்தையும் இங்கேதான் வைக்க வேண்டும். டோனி க்வின் 1995 சீசன் முழுக்க 15 தடவைதான் ஸ்ட்ரைக்-அவுட் ஆனார். அவருக்குக் கலங்கல் மிகக் குறைவு. விளாடிமிர் கெரேரோ, அப்பா கெரேரோவைச் சொல்கிறேன், தரையில் குத்தி எழும் பந்தைக்கூட அடிப்பார், இருந்தும் வாழ்நாள் சராசரி .318. அவருக்குக் கண் கலங்கல் இல்லை, தன் ஸோன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த சட்டம்தான் வேறு. பகடையில் இவர்கள் இருவரும் இரண்டு வேறு எண்கள். இந்த நிரலில் இரண்டு வேறு ஆட்கள்.

எண்கள் இப்போதைக்குக் கண்றாவியாகத்தான் வருகின்றன. எல்லோரும் அளவுக்கு மீறி நடந்து போகிறார்கள், ஸ்கோர் பார்த்தால் கூடைப்பந்து ஆட்டம் மாதிரி இருக்கிறது. பயத்தை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்சர் வேலை பாக்கி. நிஜத்தில் பேட்டர் பந்தை எந்தப் பக்கம் ஃபவுலாகத் தட்டினான், சீக்கிரம் வீசினானா தாமதமாக வீசினானா என்று பார்த்துத்தான் கேட்சர் அடுத்த பந்தைக் கேட்பார். என் நிரலில் பேட்டர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்; அவரைப் பார்க்க இன்னும் ஆள் இல்லை. கேட்சரை எழுதும்வரை அந்தப் பக்கத்துக்கு மூளை நான்தான்.